அறுக்கும் இலையும் காக்கும் மணலும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேச அழைத்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றி நான் பேசுவேன் என்றே விழாக் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். நெற்பயிரைத் தாக்கும் குலை நோயைப் பற்றியும், அதைத் தாங்கி நிற்க மணலில் உள்ள ஒரு பொருள் எவ்வாறு துணை செய்கிறது என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன் என்று நான் சொன்னவுடன் சிலர் வியந்தார்கள். ஒரு பெரியவர், "ஐயா, பிள்ளைகளைச் சேற்றிலிருந்து கரையேற்றத்தானே இந்தக் கழகத்தைத் தொடங்கினோம்? நீங்கள் மறுபடியும் அவர்களைச் சேற்றுக்கே அழைத்துப் போகிறீர்களே!" என்று உரிமையோடு கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு உரிய விடையை உரையின் முடிவில் சொல்கிறேன். அதுவரை பொறுமை காக்க வேண்டுகிறேன்.

நான் வேளாண்மைப் பட்டம் பெற்றவன் அல்லன். வரலாறு படித்து, ஆசிரியப் பயிற்சி பெற்று, அரசுப் பள்ளியில் பணியாற்றி வருபவன். ஆகவே நான் சொல்பவை நூல்களில் படித்தும், அறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை. ஆனால் நெல்லைப் பற்றிய முதற்பாடத்தை எனக்குக் கற்பித்தவை நூல்கள் அல்ல. என் தாயாரின் கைகள்.

களையெடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் தாயாரின் முன்கைகளிலும் கால்களிலும் மெல்லிய கீறல்கள் சிவந்து கிடக்கும். விளக்கெண்ணெயைத் தொட்டு அவற்றின்மேல் தடவுவது சிறுவனாகிய என் வேலை. "நெல்லு இலை அறுத்துடுச்சு" என்பார். ஒரு புல்லின் இலை மனிதத் தோலை எப்படி அறுக்கும் என்று அன்று நான் கேட்கவில்லை. மறுநாட் காலையில் அடுப்படியிலிருந்து உமிக்கரியை எடுத்துப் பல் துலக்குவோம். உமிக்கரி பல்லை ஏன் இவ்வளவு வெண்மையாக்குகிறது என்றும் நான் கேட்கவில்லை. இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பதை அறிந்துகொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடை சிலிகான்.

நிலவுலகின் மேலோட்டில் பிராணவாயுவுக்கு அடுத்தபடியாக மிகுதியாக இருக்கும் தனிமம் சிலிகான். எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். அது பிராணவாயுவோடு கூடிச் சிலிக்கா ஆகிறது. நம் கடற்கரை மணலில் பெரும்பகுதி சிலிக்காவே. பயிர்களுள் இதனை மிகுதியாக உண்பது நெல். நன்கு வளர்ந்த நெற்பயிரின் உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரையிலும் சிலிக்கா இருக்கலாம். இலை விளிம்பில் அது நுண்ணிய பற்களாகப் படிந்திருப்பதால்தான் தாயாரின் கையை இலை அறுத்தது. உமியில் நிறைந்திருப்பதால்தான் உமிக்கரி பல்லின் அழுக்கைத் தேய்த்து எடுத்தது.

இனி, நான் சொல்லத் தயங்கும் ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

1983-ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பு மாணவன். என் தந்தையார் முதன்முறையாக ஓர் ஏக்கர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து நவரைப் பட்டத்தில் ஐ.ஆர்.50 நெல்லை நட்டிருந்தார். அதுவரை பிறர் நிலத்தில் கூலிக்கு நட்டவர், முதன்முறையாகத் தம் பயிர் என்று ஒன்றைப் பார்த்தார். விடியுமுன் வரப்பில் போய் நிற்பார். தை மாதப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் இலைகளில் கண் வடிவத்தில் புள்ளிகள் தோன்றின. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு நிறம். பயிருக்குச் சத்துப் போதவில்லை என்று எண்ணிய தந்தையார், கடன் வாங்கி மேலும் ஒரு மூட்டை யூரியா இட்டார். பயிர் கரும்பச்சையாகச் செழித்தது, புள்ளிகளும் செழித்தன. மருந்துக் கடைக்குப் போய், "பயிர் கருகுது, மருந்து கொடுங்க" என்றார். கொடுத்ததை வாங்கிவந்து தெளித்தார். கதிர் வெளிவந்த வேளையில் அதன் கழுத்துக் கறுத்து ஒடிந்தது. வெண்கதிர்கள் தலை தொங்கி நின்றன. பதினைந்து மூட்டை எதிர்பார்த்த களத்தில் நான்கு மூட்டைதான் தேறியது. வாரம் அளந்த பின் எங்களுக்கு மிஞ்சியது பதரும் கடனும்.

அறுவடைக்குப் பின், குடிசையின் இறவாணத்தில் செருகியிருந்த அந்த மருந்துப் பொட்டலத்தை எடுத்துப் படித்தேன். அது பூச்சிகளைக் கொல்லும் மருந்து. எங்கள் பயிரைத் தின்றதோ பூச்சி அன்று, பூசணம். தந்தையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். ஒரு மாத காலம் அப்பொட்டலம் என் தலைக்கு மேலேதான் இருந்தது. பள்ளியில் பருவக்காற்றுகளைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்த நான், அந்தப் பொட்டலத்தை எடுத்துப் படிக்கவில்லை. "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று அவரும் கேட்கவில்லை. படிப்பு ஒருபுறம், வயல் ஒருபுறம் என்று நாங்கள் இருவருமே நம்பியிருந்தோம். இன்று நான் இத்தலைப்பில் பேசுவதற்குக் காரணம் அந்தப் பொட்டலமே.

குலை நோய் என்பது என்ன? பைரிகுலேரியா என்றும் மேக்னபோர்த்தே ஒரைசே என்றும் குறிக்கப்படும் பூசணத்தால் வருவது. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் காற்றில் பறந்து வந்து இலைமேல் ஒட்டுகின்றன. இரவுப் பனியின் ஈரம் சில மணி நேரம் நிலைத்தால் போதும், வித்து முளைத்துவிடும். முளையின் நுனியில் குமிழ் போன்ற ஓர் ஒட்டும் உறுப்பு உண்டாகிறது. அக்குமிழுக்குள் உருவாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கு வரை உயர்கிறது. கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு என்று கொள்ளலாம். அந்த வலிமையால் ஒரு நுண்ணிய ஆணியை இலையின் தோலுக்குள் அது அடித்து இறக்குகிறது. ஆணி இறங்கிவிட்டால் உள்ளே பூசணம் பரவும்; சில நாள்களில் புள்ளி தோன்றும்; ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஆயிரக்கணக்கான வித்துகள் மீண்டும் பறக்கும்.

யூரியாவை மிகுதியாக இட்டால் என்ன நேரும்? இலை அகன்று மென்மையாகும். பயிர் அடர்ந்து ஈரம் காயாமல் நிற்கும். பூசணத்துக்கு ஏற்ற உணவும் திசுக்களில் மிகும். என் தந்தையார் இட்ட அந்தக் கூடுதல் மூட்டை, பயிருக்கு இட்டதாகத் தோன்றினாலும், உண்மையில் பூசணத்துக்கு வைத்த விருந்து. போதாக்குறைக்கு, ஐ.ஆர்.50 குலை நோய்க்கு எளிதில் இரையாகும் இரகம் என்பதைப் பின்னாளில் அறிந்தேன்.

இந்நோய் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1919-ஆம் ஆண்டில் தஞ்சை வளநாட்டில் கொள்ளைநோய்போல் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது. அதன் பின்னரே எதிர்ப்பாற்றல் உள்ள இரகங்களைத் தேடும் பணி கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முனைப்புற்றது. கோ 4, ஆடுதுறை 10 ஆகியவற்றை இணைத்துக் கோ 25 போன்ற இரகங்கள் உருவாயின.

இங்கேதான் சிலிகானின் கதை தொடங்குகிறது. 1917-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் ஒனோதெரா, குலை நோய் கண்ட பயிரையும் நோயற்ற பயிரையும் எடுத்துச் சோதித்தார். நோய் கண்ட பயிரில் சிலிக்கா குறைவாக இருக்கக் கண்டார். அச்சிறு குறிப்பிலிருந்து ஒரு பெரிய ஆராய்ச்சி வளர்ந்தது. 1955-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு, இரும்பாலைக் கசடாகிய கால்சியம் சிலிக்கேட்டை நெல்லுக்கான உரமாகவே ஏற்றுக்கொண்டது.

சிலிகான் எவ்வாறு காக்கிறது? மணலிலும் களிமண்ணிலும் உள்ள சிலிக்கா மிக மெதுவாக நீரில் கரைந்து சிலிசிக் அமிலம் ஆகிறது. நெல்லின் வேர் அதனை உறிஞ்சித் தண்டின் வழியாக இலைக்கு அனுப்புகிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போகும்போது சிலிக்கா பின்தங்கி, இலைத்தோலின் மெழுகுப் படலத்துக்குக் கீழே கண்ணாடிப் பூச்சுப்போல் படிகிறது. பூசணத்தின் ஆணி இந்த இரட்டைச் சுவரைத் துளைக்க வேண்டியிருக்கிறது. அதுமட்டுமன்று. சிலிகான் பெற்ற பயிர், பகைவன் நுழைந்த இடத்தில் பூசணத்தைத் தடுக்கும் இரசாயனப் பொருள்களை விரைந்து சுரக்கிறது என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின. சுவரும் உண்டு, சுவருக்குப் பின்னால் விழித்திருக்கும் காவலரும் உண்டு. இலைகள் விறைத்து நிமிர்ந்து நிற்பதால் வெயில் உள்ளே புகுந்து ஈரம் காய்வதும், தண்டு வலுப்பெற்றுப் பயிர் சாயாமல் நிற்பதும் கூடுதல் நன்மைகள்.

2006-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒக்கயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான் ஃபெங் மா என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும், நெல்வேரில் சிலிகானை உள்ளே அழைத்துக்கொள்ளும் வாயிலாகிய மரபணுவைக் கண்டறிந்தார்கள். அந்த வாயில் பழுதுபட்ட நெற்செடி, மண்ணில் சிலிகான் இருந்தும் அதை எடுத்துக்கொள்ள இயலாமல், நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் ஆட்பட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சிலிகான் குறைந்த எவர்கிளேட்ஸ் கரிமண் நிலங்களில், லாரன்ஸ் டாட்னாஃப் முதலியோர் சிலிக்கேட்டை இட்டபோது குலை நோயும் செம்புள்ளி நோயும் குறைந்தன.

நம் நாட்டிலும் இப்பணி நடந்திருக்கிறது. மகாராட்டிரத்தின் கொங்கணப் பகுதி உழவர்களுக்காக என். கே. சாவந்த் என்ற மண்ணியல் அறிஞர் 'சார்சூத்ரி', அதாவது நான்கு சூத்திரங்கள் என்ற நெல் சாகுபடி முறையை வகுத்தார். அதன் முதற் சூத்திரமே வைக்கோலையும் உமிச் சாம்பலையும் வயலுக்குத் திருப்பித் தருவதுதான். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை கருமையான உமிச் சாம்பலைக் கலக்க வேண்டும் என்பது அம்முறை. விலை கொடுத்து வாங்க வேண்டாத பொருள், ஏழை உழவனின் கைக்கு எட்டும் பொருள் என்பதே அதன் சிறப்பு. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் இத்துறையில் நீண்டகாலமாக ஆய்வு செய்து வருகிறது. 2017-ஆம் ஆண்டில் வேளாண்மையில் சிலிகான் பற்றிய ஏழாவது பன்னாட்டு மாநாடு பெங்களூருவில் நடைபெற்றது.

"மண்ணெல்லாம் மணலாயிருக்க, சிலிகானுக்கு எங்கே பஞ்சம்?" என்று நீங்கள் கேட்கலாம். கடல் முழுதும் நீராயிருந்தும் குடிக்க ஒரு வாய் இல்லாமற் போகிறதே, அதைப்போன்றதுதான் இதுவும். மணலில் உள்ள சிலிக்கா எளிதில் கரையாது. கரைந்ததைத்தான் வேர் உண்ணும். மணற்பாங்கான நிலங்களிலும், மழையால் நெடுங்காலம் அரிக்கப்பட்ட நிலங்களிலும் கரையக்கூடிய சிலிகான் குறைவாகவே இருக்கும். செய்யூரிலிருந்து இடைக்கழிநாடு, கடப்பாக்கம் என்று கடலை நோக்கிச் செல்லச் செல்ல மண் எப்படி மாறுகிறது என்பதை உங்கள் கால்களே அறியும்.

இனி வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். எக்டேருக்கு 5 டன் நெல் விளைந்தால், அப்பயிர் மண்ணிலிருந்து 230 முதல் 470 கிலோ வரை சிலிகானை எடுத்துக்கொள்கிறது என்று சாவந்தும் அவருடைய தோழர்களும் 1997-ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். ஏக்கருக்கு 2 டன் என்று கொண்டால் ஏறத்தாழ 90 முதல் 190 கிலோ ஆகும். இதில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் தங்குகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி உமியில் இருக்கிறது. நாம் உண்ணும் அரிசியில் இருப்பது மிகச் சிறிதளவே. ஆகவே வைக்கோலும் உமியும் வயலுக்குத் திரும்பினால் மண் தான் கொடுத்ததைப் பெரும்பாலும் மீளப் பெறும்.

ஆனால் நடப்பது என்ன? அறுவடை எந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலைக் கட்டுக்கட்டாகச் சுருட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். உமி ஆலையின் அடுப்புக்கும் செங்கற் சூளைக்கும் போகிறது. சாம்பல் ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ கொட்டப்படுகிறது. ஒரு டன் நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோ உமி. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ சாம்பல். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்கா. நாற்றங்கால் ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர். ஒரு டன் நெல்லின் உமிச் சாம்பல் ஒரு சென்ட் நாற்றங்காலுக்குப் போதுமானது. குப்பையென்று நாம் கொட்டுவது காசாகிறதோ இல்லையோ, நிச்சயமாகக் காவலாகும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். 2015-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டையில் 12 அளவுகள் குறிக்கப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம், போரான் எல்லாம் உண்டு. சிலிகான் அவற்றுள் இல்லை. அளக்காததை நாம் இல்லாததாக எண்ணிவிடுகிறோம். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார், முற்றிய வைக்கோலில் சிலிகான் 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பற்றாக்குறை என்று கொள்ளச் சொல்கிறார்கள். வைக்கோலைச் சோதித்துத் தர முடியுமா என்று வேளாண்மைக் கல்லூரியையோ ஆராய்ச்சி நிலையத்தையோ கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கத் தெரிந்தவனுக்கே விடை கிடைக்கும்.

இளைஞர்கள் வரும் பட்டத்தில் செய்து பார்க்கக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, இரகத்தைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். "விளைச்சல் எவ்வளவு?" என்று கேட்பதோடு நில்லாமல், "குலை நோயைத் தாங்குமா?" என்றும் கேளுங்கள். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையமும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் நமக்குத் தொலைவில் இல்லை.

இரண்டாவது, கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள்.

மூன்றாவது, நாற்றங்காலில் பாதிக்குக் கருமையான உமிச் சாம்பலைக் கலந்து, மறுபாதியை வழக்கம்போல் விட்டுவிடுங்கள். இரண்டையும் தனித்தனியே நட்டு, எத்தனை தூரில் நோய் கண்டது என்று எண்ணி எழுதிவையுங்கள். சாம்பல் கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்க வேண்டும். மிகுந்த வெப்பத்தில் எரிந்து வெளுத்த சாம்பலில் சிலிக்கா படிகமாக மாறிவிடுவதால் மண்ணில் எளிதில் கரையாது.

நான்காவது, நோயற்ற வயலின் வைக்கோலில் ஒரு பகுதியேனும் வயலுக்குத் திரும்பட்டும். நோய் கண்ட வயலின் வைக்கோலை அப்படியே இடாதீர்கள்; பூசணம் அதில் தங்கியிருக்கும். அதை மக்கவைத்து எருவாக்கியே இட வேண்டும்.

ஐந்தாவது, யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். இலையில் புள்ளி கண்டால் மேலுரத்தை நிறுத்திவிட்டு, வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

ஆறாவது, மருந்து தேவைப்பட்டால் அதன் மேல் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். என்ன நோய்க்கு, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன் என்பவற்றைப் பாருங்கள். குலை நோய்க்குப் பரவலாகத் தெளிக்கப்பட்டு வந்த டிரைசைக்ளசோல் மருந்தின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற வரம்பை, ஐரோப்பிய ஒன்றியம் 2017-ஆம் ஆண்டில் 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. நூறில் ஒரு பங்கு! மருந்தை நம்பியே பயிர் செய்வது எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இது ஒரு சான்று.

உண்மையை மறைத்துப் பேசுதல் ஆசிரியனுக்கு அழகன்று. சிலிகான் சஞ்சீவி மூலிகை அன்று. அது நோயைக் குறைக்கும், அறவே ஒழிக்காது. சிலிகான் போதிய அளவு உள்ள மண்ணில் மேலும் இட்டால் பெரும்பயன் விளையாது. எதிர்ப்பாற்றல் இல்லாத இரகத்தை நட்டு, யூரியாவைக் கொட்டி, "சாம்பல் போட்டேனே, ஏன் காக்கவில்லை?" என்று கேட்பது முறையாகாது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. பயிருக்குக் காவலான அதே சிலிக்கா, நுண்தூளாக மூச்சுக்குள் போனால் நுரையீரலுக்குப் பகை. கல் உடைக்கும் இடங்களிலும் கல் அரைக்கும் ஆலைகளிலும் பாடுபடுவோரை இருமி இருமி மெலியச் செய்யும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் இத்தூளால் வருவதே. ஆகவே சாம்பலை நீர் தெளித்து நனைத்த பின்னரே கையாளுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நம் மக்களின் நுரையீரலை விலையாகக் கொடுத்து நெல்லைக் காக்க வேண்டியதில்லை.

இப்பொழுது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

1943-ஆம் ஆண்டு வங்காளத்தில் பெரும்பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அதற்கு முந்திய பருவத்தில் நெற்பயிரைச் செம்புள்ளி நோய் அழித்ததே காரணம் என்று கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். ஒய். பத்மநாபன் 1973-ஆம் ஆண்டில் எழுதினார். 1981-ஆம் ஆண்டில் அமர்த்தியா சென் வேறொன்றை எடுத்துக்காட்டினார்: உணவு அடியோடு இல்லாமற் போகவில்லை, அதை வாங்கும் ஆற்றல் கூலி உழைப்பாளிகளுக்கும் மீனவர்களுக்கும் இல்லாமற் போயிற்று என்றார். இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். பூசணம் பயிரைத் தின்னும். ஆனால் பயிர் போனால் யார் பட்டினி கிடப்பது என்பதைப் பூசணம் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்வது சமுதாயம்.

நம் மாவட்டத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், நம் முன்னோர் நிலமற்று அடிமைபோல் உழலும் நிலையை அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892-ஆம் ஆண்டு அரசாணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் நிலம் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்டதாகச் சொல்கிறோம். பஞ்சமி நிலம் என்பது அதுவே. அந்நிலத்தில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? அதனை மீட்கும் போராட்டத்தில் 1994-ஆம் ஆண்டு காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தார்கள். நிலம் கைநழுவிப் போனதற்கு அடுத்தவரின் ஆதிக்கம் முதற்காரணம். கைந்நாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க ஆளில்லாமற் போனதும் ஒரு காரணம். அந்தக் காகிதமும் என் தந்தையாரின் மருந்துப் பொட்டலமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நம் மண்ணிலிருந்து புறப்பட்ட அவர் 1893-ஆம் ஆண்டிலேயே நம் மக்களுக்கென இதழ் நடத்தினார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் உரிமையை எடுத்துரைத்தார். அண்ணல் அம்பேத்கரோ, 1918-ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலத்தின் பரப்பு மட்டும் பயனைத் தீர்மானிப்பதில்லை. அதில் இடும் முதலும் கருவியும் உழைப்பும் பொருந்துவதே முதன்மையானது என்று வாதிட்டார். உழவைப் பற்றிப் பேசுவது படித்தவனுக்குக் குறைவு என்று அவர் கருதவில்லை.

"படிச்சா சேத்துல கால் வைக்க வேணாம்" என்று என் தாயார் சொல்வார். நானும் என் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் அதையே சொன்னேன். அச்சொல்லில் இருந்த வேதனை உண்மை; பிறர் நிலத்தில், பிறர் ஏவலில், கூலிக்கும் வசைக்கும் இடையில் சேற்றில் நின்றவர்களின் வேதனை அது. நம் பிள்ளைகள் மருத்துவராக வேண்டும், ஆட்சியராக வேண்டும், அதில் எனக்கு ஐயமே இல்லை. யாரும் யாரையும் மீண்டும் சேற்றுக்குத் தள்ள வேண்டாம். ஆனால் படிப்பு என்பது வயலிலிருந்து ஓடிப்போகும் வழி மட்டுமே என்று நான் கற்பித்தது பிழை. சேற்றில் நின்று நம்மைப் படிக்கவைத்தவர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்கள் வாங்கிவரும் பொட்டலத்தைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நெல்லைப் பற்றிய அறிவு நம் முன்னோரின் கைகளில் இருந்தது; அதன் பெயரும் கணக்கும் உரிமையும் பிறர் கையில் இருந்தன. இரண்டையும் ஒரே கையில் சேர்ப்பதே கல்வி என்று இன்று நான் கருதுகிறேன்.

ஆகவே, இந்த வெள்ளி விழா ஆண்டில் கழகத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மாலை வகுப்புக்கு வரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு, நம் உறுப்பினர் ஒருவரின் வயலில் உமிச் சாம்பல் சோதனையை ஒரு பட்டமேனும் நடத்துங்கள். அதன் கணக்கை அவர்களே எழுதட்டும். ஆண்டுதோறும் ஒருவரையேனும் வேளாண்மைக் கல்லூரிக்கு அனுப்ப முயலுங்கள். வாரந்தோறும் ஒரு மாலை, உறுப்பினர்கள் கொண்டுவரும் உரச் சீட்டு, மருந்துச் சீட்டு, பட்டா, பத்திரம் எதுவாயினும், மாணவர்கள் உரக்கப் படித்துப் பொருள் சொல்லட்டும். இதற்குக் கட்டடம் வேண்டாம், நன்கொடை வேண்டாம். ஒரு விளக்கும் ஒரு பாயும் போதும்.

என் தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்த நவரைக்குப் பிறகு அவர் வாரத்துக்கு நிலம் எடுக்கவே இல்லை. பொட்டலத்தில் எழுதியிருந்ததை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை. அன்று சொல்லாததை இன்று உங்கள் முன் சொல்லிவிட்டேன். இன்று வீடு திரும்பியதும் மாணவச் செல்வங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டு இறவாணத்திலோ மாடத்திலோ படிக்கப்படாமல் கிடக்கும் ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் தாய் தந்தையருக்குப் படித்துக் காட்டுங்கள்.